வீட்டார் "சொல்லாதீங்க" என்கிறார்கள், நோயாளி என்னிடமே கேட்கிறார்: வார்டில் என்ன செய்வது?

இரவுப்பணி_செவிலியர்:

வணக்கம். புற்றுநோய் வார்டில் பணி. இது ஒரு நோயாளியைப் பற்றிய கேள்வி இல்லை, திரும்பத் திரும்ப வருகிற நிலைமை. நோய் பரவிவிட்டது, கீமோவும் நிறுத்தியாயிற்று. வீட்டார் டாக்டரிடம் "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று கேட்டுக்கொள்கிறார்கள். பகலில் எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள். அட்டெண்டர் (உடனிருக்கும் உறவினர்) தூங்கிய பிறகு நோயாளி எங்களைக் கேட்கிறார்: "உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர், நான் பிழைப்பேனா?"

மூன்று சந்தேகங்கள். வீட்டாரிடம் எப்படிப் பேசுவது? இரவில் கேட்பவருக்கு, சொல்லும் அதிகாரம் இல்லாத செவிலியர் என்ன பதில் தருவது? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டு, சாப்பிடாமல், பேசாமல் இருப்பவரை "டினையல் ஸ்டேஜ்" (மறுப்பு நிலை) என்றோ "டிப்ரஷன்" என்றோ கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அது எதுவென்று எப்படிப் பிரித்தறிவது?

பாலியேட்டிவ்_மருத்துவர்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

1965இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் மரணப்படுக்கையைச் சுற்றியுள்ள அறிதலை நான்காகப் பிரித்தார்கள்: நோயாளிக்கு ஒன்றுமே தெரியாத நிலை, சந்தேகப்படும் நிலை, இரு தரப்புக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கும் நிலை, வெளிப்படையாகப் பேசும் நிலை. நீங்கள் சொல்வது மூன்றாவது. கீமோ நின்றது, எடை இறங்கியது, உறவினர் திடீரென்று அதிகமாக வருவது என்று எல்லாவற்றையும் நோயாளி கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குத் தெரியாமலிருப்பது நோயைப் பற்றி அல்ல. அதை யாரிடம் பேசலாம் என்பதுதான்.

வீட்டாரிடம் "அவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் பாசத்தால்தான் மறைக்கிறார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். படுக்கைக்கு அருகில் வேண்டாம், தனி அறையில் உட்காருங்கள். 20 நிமிடமாவது ஒதுக்குங்கள். முதல் கேள்வி: "சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?" பெரும்பாலும் "மனசு உடைஞ்சு போயிடுவார்", "தப்பான முடிவு எடுத்துடுவார்" என்று வரும். மறுத்துப் பேசாமல் முழுவதையும் கேளுங்கள். அடுத்து: "அவர் உங்களைக் கேட்கும்போது என்ன சொல்றீங்க? அதுக்கப்புறம் உங்களுக்கு எப்படி இருக்கு?" மறைக்கிறவர் சுமக்கும் பாரம் இங்கேதான் வெளிவரும், பலர் இந்த இடத்தில் அழுதுவிடுவார்கள். மூன்றாவது: "அவருக்கே எவ்வளவு தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?"

பிறகு ஒப்பந்தம். "நான் போய் அவருக்கு என்ன தெரியும்னு மட்டும் கேட்கிறேன். அவர் கேட்காததை நானா சொல்ல மாட்டேன். அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். விருப்பப்பட்டா நீங்களும் பக்கத்துல இருங்க." இந்த நான்கு வாக்கியங்களையும் இதே வரிசையில் சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே சம்மதம் கிடைக்காவிட்டால் மறுநாள் மீண்டும் உட்காரலாம். அதற்குள் நோயாளி நேரடியாகக் கேட்டுவிட்டால், அவரிடம் பொய் சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

நோயாளியிடம் பேச 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறை 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது: இடத்தை ஏற்பாடு செய்தல், அவர் அறிந்ததைக் கேட்டல், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டல், தகவல் தருதல், உணர்ச்சிக்கு இடம் தருதல், அடுத்த திட்டம். மூன்றாவது படியைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். "ரிப்போர்ட் பத்தி முழுசா சொல்லட்டுமா, இல்ல அடுத்து என்ன செய்யறோம்னு மட்டும் சொன்னா போதுமா?" என்று கேட்க அரை நிமிடம் ஆகும். சிலர் "எனக்கு வேண்டாம், என் மகள்கிட்ட சொல்லுங்க" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான், அப்படியே எழுதி வையுங்கள்.

தகவலுக்கு முன் ஒரு எச்சரிக்கை வாக்கியம் வேண்டும்: "நாம எதிர்பார்த்த மாதிரி ரிசல்ட் வரலை." அடுத்து ஒரே வாக்கியத்தில் செய்தி. பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாதீர்கள். அந்த மௌனம் தாங்காமல் மருந்து, ஸ்கேன், அடுத்த தேதி என்று அடுக்கிக்கொண்டே போவதுதான் நாங்கள் செய்யும் பெரிய தவறு. அதிர்ச்சியில் இருப்பவர் காதில் எதுவும் ஏறாது. "எவ்வளவு நாள்?" என்று கேட்டால் ஒற்றை எண் சொல்லாதீர்கள். "வருஷக்கணக்கில் இல்லை, சில மாசங்கள்" அல்லது "வாரக்கணக்கு" என்று அளவை மட்டும் சொல்லுங்கள். எண்ணைச் சொன்னால் அதை நாள்காட்டியில் குறித்துவைத்துக் காத்திருப்பார்கள்.

செவிலியர்_பயிற்றுநர்:

இரண்டாவது கேள்வி. இரவு கேட்பவருக்கு மூன்று தவறான பதில்கள் உண்டு: "அப்படியெல்லாம் பேசக்கூடாது", "எல்லாம் சரியாயிடும்", "டாக்டர்கிட்ட கேளுங்க". மூன்றுமே 'இதை என்னிடம் பேசாதே' என்றுதான் அவர் காதில் விழும். மூன்றாவது சரியான பதில்போலத் தோன்றும், ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அதுவும் கதவைச் சாத்துவதுதான்.

முதலில் உட்காருங்க. நின்றுகொண்டு, ஒரு கையில் ட்ரேயோடு இதற்குப் பதில் சொல்ல முடியாது. கண் மட்டம் சமமாக இருக்கட்டும். பிறகு பதிலுக்குப் பதில் கேள்வி: "இன்னிக்கு அப்படி நினைக்கிற மாதிரி என்ன நடந்துச்சு?" பிழைப்பேனா என்ற கேள்விக்குப் பின்னால் வேறொன்று இருக்கும். மூச்சு முட்டிச் சாவேனோ, வலி தாங்க முடியாமல் போகுமோ, தனியாக இருக்கும்போது நடந்துவிடுமோ, கடனை யார் அடைப்பார். இவற்றில் பலவற்றுக்குச் செவிலியரே பதில் சொல்லலாம். "மூச்சு முட்டினா மருந்து இருக்கு, நேரம் பார்க்காம கூப்பிடுங்க, வருவோம்" என்று சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம்.

உணர்ச்சி வரும்போது ஐந்து செயல்கள் கைகொடுக்கும். பெயரிடுவது: "பயமா இருக்கு போல." புரிந்துகொண்டதைக் காட்டுவது: "இவ்வளவு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தா யாருக்கும் இப்படித்தான் இருக்கும்." மதிப்பது: "இதைக் கேட்கவே தைரியம் வேணும்." துணை நிற்பது: "இன்னிக்கு ராத்திரி நான்தான் டியூட்டி." விரித்துக் கேட்பது: "எதை நினைச்சா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். ஒன்று, பிறகு மௌனம்.

நோயின் நிலை பற்றியே கேட்டால்: "அந்த விவரத்தைச் சரியா சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனா நீங்க கேட்டதை நான் மறைக்க மாட்டேன். காலையில அவர்கிட்ட சொல்றேன், நீங்க பேசும்போது நானோ பகல் சிஸ்டரோ கூட இருப்போம்." பிறகு நர்சிங் நோட்ஸில் நேரத்தோடு, அவர் சொன்ன வார்த்தைகளை மேற்கோளுக்குள் அப்படியே எழுதுங்க. "நோயாளி பதற்றமாக இருந்தார்" என்று எழுதினால் ரவுண்ட்ஸில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "02.40: 'நான் பிழைப்பேனா, உண்மையைச் சொல்லுங்க' என்று கேட்டார்" என்று இருந்தால் காலையில் அதைத் தாண்டிப் போக முடியாது.

வார்டில் ஒரே செவிலியர், 5 நிமிடம்தான் இருக்கிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்க: "இப்ப 5 நிமிஷம் இருக்கு. மறுபடி 4 மணிக்கு வரேன்." சொன்னால் வந்தே ஆக வேண்டும். வரமுடியாமல் போனால் இன்னொருவர் வழியாகவாவது சொல்லி அனுப்புங்க. வருவதாகச் சொல்லி வராமல் போவது, பேசாமலே இருந்ததைவிட மோசமாக முடியும்.

மருத்துவ_உளவியலாளர்:

மூன்றாவது கேள்விதான் உயிரோடு விளையாடுவது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவரிடம் குறைந்தது நான்கு விஷயங்கள் இருக்கக்கூடும்: துக்கம், மனச்சோர்வு, அடங்கிய வகை டெலிரியம் (உடல் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம்), அடங்காத வலி. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும்.

டெலிரியத்தை முதலில் விலக்குங்கள், ஏனென்றால் அதற்கு உடனே சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். கத்திக் கையை வீசினால்தான் டெலிரியம் என்ற எண்ணம் தவறு. அமைதியாகத் தூங்கிவழியும் வகையே அதிகம் தவறவிடப்படுகிறது. அது ஓரிரு நாளில் திடீரென வரும், ஒரே நாளில் ஏறி இறங்கும், கவனம் நிற்காது. வாரத்தின் நாட்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள்; படித்தவரானால் மாதங்களை. மனச்சோர்வு உள்ளவர் மெதுவாகச் சொன்னாலும் இழையை விடமாட்டார். டெலிரியம் உள்ளவர் நடுவில் தொலைந்துபோவார். தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, நீரிழப்பு, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, சோடியம் இறங்குவது, மார்பின் போன்ற ஓபியாயிடு வலிமருந்து தேங்குவது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இவருக்குத் தூக்கமாத்திரை என்று பென்சோடயசபைன் கொடுத்தால் குழப்பம் கூடும். மது அல்லது பென்சோடயசபைன் நிறுத்தியதால் வந்த குழப்பமானால் மட்டும் கணக்கு வேறு.

மருந்துகளையும் பாருங்கள். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையை ஆட்டும். மாலை டோஸைக் காலைக்கு மாற்றினாலே சிலருக்கு இரவு அமைதியாகும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, டெலிரியத்துக்குத் தரும் ஹாலோபெரிடால் இரண்டும் சிலருக்குக் கால் நிலைகொள்ளாத தவிப்பை உண்டாக்கும். அதைப் 'பதற்றம்' என்று எழுதி மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும்.

இவை இல்லையென்றால் துக்கமா மனச்சோர்வா என்பது மிஞ்சும். பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு, எடை இழப்பு ஆகியவை நோயினாலேயே வருபவை, இவற்றை வைத்து முடிவுசெய்ய முடியாது. துக்கம் அலையலையாக வரும், நடுநடுவே பேரக்குழந்தையைப் பார்த்தால் முகம் மலரும். மனச்சோர்வில் எதுவும் மலர வைக்காது. "நான் எல்லாருக்கும் பாரம்", "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் நாள் முழுக்க ஒரே நிறத்தில் இருக்கும். இரண்டு கேள்விகளால் தொடங்கலாம்: கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்பது கேள்விகள் கொண்ட முழுப் படிவத்துக்குப் போகலாம். அதில் 10 அல்லது அதற்கு மேல் என்றால் மனநல மருத்துவரின் மதிப்பீடு தேவை. உடல் அறிகுறிகளே மதிப்பெண்ணை ஏற்றிவிடும் என்பதால் எண்ணை மட்டும் பார்க்காமல் எந்தக் கேள்விகளால் ஏறியது என்று பாருங்கள். எழுத நேரமில்லாத வார்டில் 'துயர வெப்பமானி' போதும்: இன்று உள்பட கடந்த ஒரு வாரத் துயரத்தை 0 முதல் 10 வரை நோயாளியே குறிப்பார், 4 அல்லது மேல் என்றால் உட்கார்ந்து பேசணும்.

தற்கொலை எண்ணத்தை நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. "சீக்கிரம் போயிட்டா தேவலை" என்பது களைப்பாகவோ வலியாகவோ இருக்கலாம், "எப்படிச் செய்யணும்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று அடுத்ததையும் கேட்க வேண்டும். வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியாக விடக்கூடாது, படுக்கையருகில் மாத்திரை சேர்ந்திருக்கக்கூடாது, மனநல மருத்துவரை அந்த ஷிப்டிலேயே அழைக்க வேண்டும்.

'டினையல் ஸ்டேஜ்' என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மனநல மருத்துவர் குப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) எல்லோரும் ஏறியாக வேண்டிய படிக்கட்டு இல்லை. ஒரே நாளில் காலையில் உயில் பற்றிப் பேசிவிட்டு மாலையில் அடுத்த வருடத் திருமணத்துக்குத் திட்டம் போடுவார்கள். நோயாளி தன் கொள்ளளவுக்கு ஏற்ப உண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறார். அவர் மறுப்பதால் சிகிச்சையோ, பிள்ளைகளுக்கான ஏற்பாடோ கெட்டால்தான் தலையிட வேண்டும்.

வலிமருந்து_முதலில்:

மேலே சொன்னதில் வலி கடைசியில் வந்துவிட்டது, எனக்கு அது முதலில் வரணும். இரவு 2 மணிக்கு நோயாளி மரணத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றால் முதலில் டிரக் சார்ட்டைப் பாருங்கள். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டிய வாய்வழி மார்பின் இரவு 10க்குப் பிறகு தரப்பட்டதா? இடையில் வலி பீறிட்டால் தர டோஸ் எழுதியிருக்கிறதா? வழக்கமாக 24 மணி நேர மொத்தத்தில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை. 24 மணி நேரத்தில் 60 மில்லிகிராம் போகிறவருக்கு 6 முதல் 10 மில்லிகிராம் மருத்துவர் எழுதிவைத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் செவிலியருக்குக் கொடுக்க ஆசுவாச வார்த்தையைத் தவிர ஒன்றும் இருக்காது.

மூச்சுத்திணறலும் அப்படியே. மூச்சு வாங்கினால் பயம், பயத்தால் வேகமான மூச்சு, அதனால் இன்னும் திணறல். முகத்துக்கு நேராகச் சின்ன விசிறி, முன்சாய்ந்து உட்கார வைப்பது, ஜன்னல் பக்கப் படுக்கை, கூடவே ஒரு ஆள். இதைச் செய்தபிறகுதான் ஆறுதல் பேச்சு எடுபடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டோஸை ஏற்றிக்கொண்டே போகிறோம், வலி இறங்கவில்லை, "உடம்பு முழுக்க வலி" என்கிறார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்) திறந்த சிசிலி சாண்டர்ஸ் 'முழு வலி' என்று சொன்னது இதைத்தான்: உடல், மனம், உறவு, ஆன்மா நான்கும் பின்னிய வலி. அப்போது மார்பினை மேலும் ஏற்றினால் தூக்கம்தான் வரும், வலி போகாது.

சமூகப்பணியாளர்:

குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதன் மனதில் மூன்று கேள்விகள் ஓடும்: என்னால்தான் வந்ததா? எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? இனி என்னை யார் பார்த்துக்கொள்வார்? பிள்ளை கேட்காவிட்டாலும் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடச் சொல்லுங்கள். "தூங்கப் போயிட்டார்", "ஊருக்குப் போயிட்டார்" வேண்டாம். சிறு பிள்ளை தூங்கவே பயப்படும், ஊரிலிருந்து திரும்பி வருவார் என்று காத்திருக்கும். 'இறந்துட்டார், உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு' என்ற நேரடிச் சொற்களே நல்லது. வார்டுக்கு அழைத்துவருமுன் அங்கே என்ன பார்க்கும் என்று சொல்லுங்கள்: மூக்கில் குழாய், மெலிந்த முகம், பேச முடியாமல் இருக்கலாம். உள்ளே போகப் பிடிக்காவிட்டால் வற்புறுத்தக் கூடாது.

அட்டெண்டரையும் தனியாகக் கேளுங்கள்: கடைசியாக எப்போது 4 மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினீர்கள்? மாற்றிவிட யார் இருக்கிறார்கள்? நோயாளி முன்னால் கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்றுதான் சொல்வார்.

இரவுப்பணி_செவிலியர்:

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஒரே இரவில் இரண்டு மரணம், அரை மணியில் படுக்கை தயாராகி அடுத்த நோயாளி வந்துவிடுகிறார். ஜூனியர்கள் வீட்டுக்குப் போயும் தூங்குவதில்லை. மறுநாள் எல்லோரையும் கட்டாயமாக உட்காரவைத்து நடந்ததைச் சொல்ல வைக்கலாமா என்று யோசனை இருக்கிறது. சரியா?

பணியாளர்_நலன்:

கட்டாயமாக வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே ஒரு அமர்வில் நடந்ததை எல்லாம் விவரிக்க வைப்பது பிற்கால மனக்காயத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பதால் வழிகாட்டு நெறிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்பாதவர் பேசாமலிருக்க உரிமை வேண்டும்.

அந்த இரவிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர் ஜொனாதன் பார்டெல்ஸ் தொடங்கிவைத்த 'இடைநிறுத்தம்': மரணம் உறுதியானதும் யாராவது ஒருவர், "இவரும் ஒரு குடும்பத்தின் அன்புக்குரியவர், நாமும் முயன்றோம், ஒரு நிமிடம் அமைதியாக நிற்போம்" என்று சொல்ல, எல்லோரும் அவரவர் மனப்படி நிற்பார்கள். பிரார்த்தனை கிடையாது, மருத்துவரிலிருந்து தூய்மைப் பணியாளர் வரை யாரும் அழைக்கலாம். படுக்கையைக் காலி செய்யும் அவசரத்திலும் ஒரு நிமிடம் கிடைக்கும். ஷிப்ட் முடியுமுன் 10 நிமிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசலாம்: எது சரியாக நடந்தது, எந்தப் பொருள் கைக்குக் கிடைக்கவில்லை, வீட்டாரிடம் யார் பேசினார், மூன்று நாள் கழித்து யாரை விசாரிக்க வேண்டும்.

மாதம்தோறும் நடத்த இரண்டு வடிவங்கள் உண்டு. மைக்கேல் பாலின்ட் 1950களில் லண்டனில் பொது மருத்துவர்களோடு தொடங்கிய குழு: பத்துப் பேர் அளவில், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஒருவர் ஃபைலைப் பார்க்காமல் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார், பிறகு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார். சிகிச்சை சரியா என்ற விவாதம் கிடையாது. அந்த நோயாளி நமக்குள் என்ன கிளறினார் என்பதே பேச்சு. மற்றொன்று ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ். 1995இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸின் பெயரில் அமைந்த மையத்திலிருந்து வந்தது. மூன்று நான்கு பேர் சுருக்கமாகப் பேச, மருத்துவமனையின் எல்லாப் பிரிவினரும் கேட்டுப் பகிர்வார்கள், மொத்தம் ஒரு மணி நேரம். இரண்டும் எங்கே கெடுகின்றன? நிர்வாகி குறிப்பெடுத்தபடி உட்காரும்போது, மாற்று ஆள் தராமல் ஓய்வு நேரத்தில் வைக்கும்போது, தீர்வு சொல்லத் துடிப்பவர் பேச்சைக் கைப்பற்றும்போது.

'பர்ன்அவுட்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியலில் அது நோய் அல்ல, பணி சார்ந்த நிகழ்வு: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறன் குறைந்த உணர்வு. அதற்கு மருந்து ஆள்பலமும் ஓய்வும்; ஆள் பற்றாக்குறையைத் தியான வகுப்பு ஈடுகட்டாது. உங்கள் ஜூனியர்களிடம் இருப்பது 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் பெயரிட்ட அறநெருக்கடியாகவும் இருக்கலாம்: சரியானது எது என்று தெரிந்தும் அமைப்பு செய்யவிடாத நிலை. நோயாளி கண்ணைப் பார்த்து "சரியாயிடும்" என்று இரவுக்கு இரவு சொல்ல வேண்டியிருப்பது அந்த வகைதான். விடுமுறை எடுத்தாலும் அது குறையாது. பொய் நிற்கும்போதுதான் குறையும்.

ஒரு மாதத்துக்கு மேலும் காட்சி கண்ணில் திரும்பத் திரும்ப வருவது, தூங்கக் குடிக்கத் தொடங்குவது, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழுவோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். கடைசியாகச் சொன்னது தெரிந்தால் அன்றே.

பாலியேட்டிவ்_மருத்துவர்:

பொய் நிற்க வேண்டும் என்றதோடு என் பதிலை இணைக்கிறேன். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அலர்ஜிக்குக் கீழே 'தகவல் நிலை' என்று ஒரு வரி சேருங்கள். நோயாளிக்கு என்ன தெரியும், இன்னும் எவ்வளவு அறிய விரும்புகிறார், யாரிடம் சொல்லச் சொன்னார், யார் எப்போது பேசினார். வரி காலியாக இருந்தால் யாரும் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம், அதை ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரில் சொல்லியாக வேண்டும்.

இரவுப்பணி_செவிலியர்:

அந்த வரியை டாக்டர்தான் நிரப்பணுமா? இரவில் நோயாளி எங்களிடம் சொன்னால்?

பாலியேட்டிவ்_மருத்துவர்:

நோயாளி யாரிடம் சொன்னாரோ அவர் எழுதலாம், அவர் வார்த்தையிலேயே, நேரம் போட்டு, கையெழுத்தோடு. அதைப் படித்துவிட்டு அன்று மதியத்துக்குள் போய் உட்கார வேண்டியது எங்கள் வேலை.